தண்டவாளம் குத்திய வீடு

என் வயதுக்காரர்களே, கல்வெட்டை நாங்கள் எப்படி வாசிப்போம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது, செத்தவரின் நினைவாக அச்சடித்த இந்தச் சின்னப் புத்தகத்தை வாசலில் பலகாரப் பையோடு சேர்த்துக் கையில் தருவார்கள். அட்டைப் படத்தை ஒருதரம் பார்ப்போம். "நல்ல படம்" என்போம். கைப்பைக்குள் வைத்துவிட்டு ரயில் ஏறி, இருக்க இடம் கிடைத்த பிறகுதான் திறப்போம். தேவாரத்தைத் தாண்டி, வம்சாவளியில் யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்று பார்த்து முடித்துவிட்டுத்தான் இப்படியான நினைவுக் குறிப்புகளுக்கு வருவோம். ஆகவே நீங்கள் இப்போது ரயிலில் இருக்கிறீர்கள். ஆறுதலாக வாசியுங்கள். இறங்கி வந்து என்னைத் தேடிப் பிரயோசனம் இல்லை, நான் முதலே போய்விட்டேன்.

இதை எழுதச் சொன்னது பெரியப்பாவின் மகன். எனக்குத் தம்பி. இங்கேயே பிறந்து வளர்ந்த நல்ல பிள்ளை. அவனோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை.

"அக்கா, அப்பாவைப் பற்றித் தமிழில ஏதாவது எழுதித் தாங்கோ. சைல்ட்ஹூட் மெமரீஸ் மாதிரி. ஸ்வீட்டா இருந்தாக் காணும்."

"எழுதித் தாறன். அச்சடிக்க முதல் நீ ஒருக்கா வாசிச்சுப் பாக்க மாட்டியோ?"

"எனக்கெங்கை அக்கா தமிழ் வாசிக்க ஏலும்? நீங்கள் எழுதினாச் சரியாத்தான் இருக்கும்."

பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தெல்லாம் எதற்கு, இங்கிலீஸ் காணும் என்று லண்டன் முழுக்கப் புத்தி சொல்லித் திரிந்தவர் பெரியப்பா. அந்தப் புத்திக்கு இன்று நான் அவருக்கு நன்றி சொல்கிறேன். அச்சகத்திலிருந்து முதலாவது மாதிரி வந்தபோது, அட்டைப் படத்தில் தகப்பனின் முகம் கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது என்று மட்டும் தம்பி சொன்னான். அதைத் திருத்திவிட்டார்கள்.

செத்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்பது எனக்கும் தெரியும். உயிரோடு இருக்கும்போதே முகத்துக்கு நேரே சொல்லிப் பார்த்தேன். அந்தக் கதை கடைசியில் வருகிறது.

இன்று மண்டபத்துக்கு வர நீங்கள் வந்திறங்கிய ஸ்டேஷனை நினைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கட்டடங்கள், கோப்பிக் கடை, தண்ணீரைப் பார்த்தபடி பல்கனி வைத்த வீடுகள். எனக்குப் பத்து வயதாக இருந்த அந்தக் குளிர்காலத்தில் அங்கே இதில் ஒன்றும் இல்லை. சில்வர்டவுன் என்ற பெயரில் மட்டும் வெள்ளி இருந்தது. கப்பல் வந்து நிற்கிற டொக்கை மூடிவிட்டார்கள். கப்பல் வராத பெருந்தண்ணீர் சும்மா கிடந்தது. கரையில் கிரேன்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. கண்ணாடி உடைந்த கோதுமை மா ஆலைக்குள் புறாக்கள் குடியிருந்தன. ஆற்றங்கரைச் சீனிப் பாக்டரி மட்டும் வேலை செய்தது. காற்று எங்கள் பக்கம் திரும்பினால் தெரு முழுக்கப் பாகு தீய்ந்த மணம். உலர்த்தப் போட்ட என் பள்ளிக்கூடச் சட்டையிலும் அந்த மணம்தான். வகுப்பில் ஒரு வெள்ளைக்காரப் பெட்டை என் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "நீ மிட்டாய் வைத்திருக்கிறாயா?" என்று கேட்டாள்.

எங்கள் ஆட்கள் டூட்டிங், வெம்பிளி என்று போய்க் குடியேற, அப்பா மட்டும் இந்த மூலைக்கு வந்தார். ஒருவரும் விரும்பாத இடமென்பதால் பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்கிறவருக்கும் அங்கே ஒரு வீடு வாங்க முடிந்தது. பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டிய வீடு, புகை படிந்த செங்கல், ஈரச் சுவர். பின்னால் கைக்குட்டை அளவு முற்றம், ஒரு மதில், மதிலுக்கு அப்பால் ஒடுங்கிய நடைபாதையாக ஒரு ஒழுங்கை. ஒழுங்கைக்கு அப்பால்தான் அந்தத் தண்டவாளம்.

டொக்கிலிருந்து பிரிந்து வந்த பழைய சாமான் ரயில் பாதை அது. நேரே எங்கள் வீட்டை நோக்கி வந்து, மதிலுக்கு எதிரே ரயிலைத் தடுத்து நிறுத்துகிற ஒரு பெரிய மரமுட்டில் முடிந்தது. கட்டைகளுக்கு இடையில் புல் வளர்ந்து கிடந்தது. நானும் தெருப் பிள்ளைகளும் அதில் ஒற்றைக் காலால் ஓடிப் பழகினோம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் ஒருநாள் அங்கே கிடந்த ஒரு பெரிய ஆணியைக் கிண்டியெடுத்து எனக்குத் தந்தார். தண்டவாளத்தைக் கட்டையோடு சேர்த்து அடிக்கிற ஆணி. துரு என் உள்ளங்கையில் சிவப்பாக ஒட்டியது.

அந்தக் கிழவர் டொக்கில் கிரேன் ஓட்டியவர். அம்மாவோடு மதிலுக்கு மேலால் கதைப்பார். அம்மாவுக்கு அவருடைய இங்கிலீஸ் விளங்காது, அவருக்கு அம்மாவுடையது விளங்காது. நடுவில் நான் நின்று மாற்றிச் சொல்வேன். முதலில் இது வெறும் சதுப்பாம். மாடு கூட நிற்காதாம். யாரோ ஒரு விசரன் அந்தச் சேற்றுக்குள்ளால் ரயில் பாதை போட்டானாம். ஆளில்லாத இடத்துக்கு எதற்கடா ரயில் என்று எல்லாரும் சிரித்தார்களாம். பிறகு அந்த ரயிலைப் பார்த்து டொக் வெட்டினார்கள். டொக்கைப் பார்த்துக் கப்பல் வந்தது. கப்பலைப் பார்த்துச் சீனி, ரப்பர், சவர்க்காரம், மா என்று பாக்டரிகள் வந்தன. கடைசியாகத்தான் வேலைக்காரருக்கு வீடும் தெருவும் பள்ளிக்கூடமும். கப்பல் உள்ளே வரும்போது பாலம் திறக்குமாம். அன்றைக்குப் பிள்ளைகள் பள்ளிக்குப் பிந்தி வந்தால் வாத்தியார் அடிக்க மாட்டாராம். பிறகு கப்பல்கள் பெருத்துவிட்டன. சாமானெல்லாம் பெரிய இரும்புப் பெட்டிக்குள் வரத் தொடங்க, ஆழம் தேடி ஆற்றின் வாய்க்குப் போய்விட்டன.

நான் சொல்லி முடிக்க அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"உவரிட்டைச் சொல்லு பிள்ளை, எங்கட காங்கேசன்துறையும் உப்பிடித்தான் எண்டு."

அம்மா பிறந்தது காங்கேசன்துறையில். ரயில் பாதை முடிந்து கடல் தொடங்குகிற ஊர். "முதல் ரயில்தான் வந்து கடலைப் பாத்துக்கொண்டு நிண்டது. பிறகுதான் சீமெந்துப் பாக்டரி. பிறகு பெரிய கப்பல். பிறகு தேத்தண்ணிக் கடை, சந்தை, தியேட்டர் எல்லாம். ரயில் போட்ட இடத்தை விட்டிட்டு ஓடாதையுங்கோ எண்டு சொல்லு. கப்பல் போனாலும் ஒருநாளைக்கு ஆக்கள் வருவினம்."

கிழவர் சிரித்துவிட்டு, "உன் அம்மாவைப் பிரதம மந்திரியாக்க வேண்டும்" என்றார். அதையும் மாற்றிச் சொன்னேன். அம்மா வெட்கப்பட்டு உள்ளே போய் அவருக்கு இரண்டு வடை கொண்டுவந்தார்.

சும்மா கதைத்துவிட்டு இருக்கிற ஆள் இல்லை அம்மா. சீனிப் பாக்டரியில் வேலை செய்த எங்கள் பொடியன்களுக்குச் சோறு கட்டிக் கொடுக்கத் தொடங்கினார். முன் அறையை ஒருநாளைக்குத் தேத்தண்ணிக் கடையாக்க வேண்டும் என்று அளந்து வைத்திருந்தார். மேசை எங்கே, அடுப்பு எங்கே, பலகாரப் பெட்டி எங்கே என்று என்னை நிற்கவைத்துக் காட்டுவார். நான்தான் பலகாரப் பெட்டி. அசையாமல் நிற்கவேண்டும்.

அந்தக் குளிரில் எங்களுக்கு இரண்டு அடி விழுந்தது. அப்பா பனியில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்தார். பெற்றோல் ஸ்டேஷனில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். தை மாதம், அம்மாவின் வயிற்றில் இருந்த தம்பி தங்கவில்லை. ஆம்பிளைப் பிள்ளை என்று ஆசுப்பத்திரியில் சொன்னார்களாம். அம்மா வெறும் வயிற்றோடு வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் படியில் இருந்தார்.

அப்போதுதான் பெரியப்பா வந்தார்.

அப்பாவின் மூத்த அண்ணை. எங்களுக்கு முன்னமே லண்டன் வந்து, பாலமும் பாதையும் போடுகிற ஒரு கம்பனியில் படம் வரைகிற வேலை பார்த்தவர். அதற்கு மேல் சாத்திரமும் பார்ப்பார். யார் வீடு வாங்கினாலும் இவர் போய் வாசலைப் பார்த்துத் தலையை ஆட்டவேண்டும். அப்பாவுக்கு அண்ணை சொன்னால் அது தேவாரம். அண்ணைக்கு முன்னால் அவர் கதிரையில் இருந்ததை நான் கண்டதில்லை. கால் முறிந்திருந்த அந்த நாளிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரியப்பா ஓவர்கோட்டோடு பின் முற்றத்துக்குப் போனார். மதிலால் எட்டித் தண்டவாளத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தார். உள்ளே வந்து, தேத்தண்ணியை வாயில் வைக்காமல் சொன்னார்.

"தம்பி, இது தெருக்குத்து."

உங்களுக்குத் தெரியும், தெரு நேரே வந்து வீட்டில் முட்டினால் அது குத்து, வீட்டுக்காரருக்குக் கூடாது என்பார்கள். ஊரில் அப்படியான வளவை வாங்கப் பின்னடிப்பார்கள்.

"இது தெரு இல்லையே அத்தான், பழைய தண்டவாளம்" என்றார் அம்மா.

"தெருவெண்டாலும் பரவாயில்லை. இது இரும்பு. எத்தனை வருசம் எவ்வளவு பாரம் இந்த வீட்டை நோக்கி வந்திருக்கும்! உங்களுக்கு விளங்காது."

"தண்டவாளம் எங்கையும் குத்தாது. கொண்டுவந்துதான் தரும். அப்பிடிக் குத்தெண்டாலும் ஒரு பிள்ளையாரை வைச்சாப் போச்சு. ஊரில அப்பிடித்தானே செய்யிறவை."

"வெள்ளைக்காரன்ர தண்டவாளத்துக்கு எங்கட பிள்ளையார் கேக்காது."

அம்மா கேட்கவில்லை. காங்கேசன்துறையிலிருந்து சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்த கருங்கல் பிள்ளையார் ஒன்று அவரிடம் இருந்தது. என் கையளவுதான். ஒரு காது கொஞ்சம் உடைந்திருக்கும். சாமித் தட்டிலிருந்து அதை எடுத்துப் பின் மதிலில் ஒரு செங்கல்லை நீக்கி, தண்டவாளத்தைப் பார்க்க வைத்தார். பூவுக்கு அந்தக் குளிரில் எங்கே போவது? ஒழுங்கையில் பூத்திருந்த மஞ்சள் களைப்பூவைப் பிடுங்கிக் கொடுத்தேன். அம்மா அதையே சாத்தினார்.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒருநாள் டொக் கரைக்கு விளையாடப் போனேன். அங்கே தலையில் மஞ்சள் தொப்பியோடு இரண்டு வெள்ளைக்காரர் முக்காலி ஒன்றில் கருவியை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அதே மாதிரித் தொப்பியோடு பெரியப்பா. சிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார். எங்களிடம் வந்தால் சாவீட்டு முகம். அங்கே கலியாண வீட்டு முகம். நான் ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"எந்தப் பக்கத்தைப் பாத்து அளந்தவங்கள்?"

"எங்கட வீட்டுப் பக்கத்தை அம்மா."

அம்மா அகப்பையைக் கீழே வைத்தார். அப்பா சாப்பிட வந்ததும், "இஞ்சருங்கோ, இந்தப் பக்கம் திரும்ப ரயில் வரப்போகுது. அத்தானுக்கு அது தெரியும்" என்றார்.

"உமக்கு விசரோ? டொக்கையே மூடிப்போட்டாங்கள், ஆருக்கு ரயில்? அண்ணை வேலை விசயமா எங்கையாவது போயிருப்பார்."

அடுத்த முறை பெரியப்பா வந்தபோது அப்பாவே அதைக் கேட்டார். கேட்டார் என்பதைவிட, கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டார் என்று சொல்லலாம். பெரியப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "நான் அந்தப் பக்கமே போகேல்லை. பெட்டைக்குக் கண்ணில ஏதோ கோளாறு, காட்டிப் பாருங்கோ" என்றார். உண்மையாகவே என்னைக் கண் பரிசோதிக்கக் கூட்டிக்கொண்டு போனார் அப்பா. கண் பார்த்த வெள்ளைக்காரப் பெண் ஆகக் கீழே இருந்த வரியையும் என்னை வாசிக்க வைத்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று அனுப்பினாள். அதை அப்பா ஒருவருக்கும் சொல்லவில்லை.

வீட்டை விற்க அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. அப்பா கெஞ்சினார், ஏசினார், சாப்பிடாமல் கிடந்தார். அம்மா அசையவில்லை. அப்போது பெரியப்பா ஒருநாள் மத்தியானம் வந்து, குசினி வாசலில் நின்று, மிகவும் மெதுவான குரலில் சொன்னார். நான் மேசைக்குக் கீழே இருந்து ஆணியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் பிசகாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"பிள்ளை, உம்மட ஆம்பிளைப் பிள்ளையைத் திண்டது இந்தத் தண்டவாளம்தான். நான் சொல்லச் சொல்லக் கேக்காமல் இந்த வீட்டில இருந்தது நீர்தான். இனியொண்டையும் பலி குடுக்கப் போறீரோ?"

அம்மா கையில் இருந்த வெங்காயத்தை வைத்துவிட்டு எரிந்த அடுப்பை நூர்த்தார். அன்றைக்கே ஓம் என்றார்.

ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுத கதை எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஓநாய் வீடு வாங்க ஆளும் கொண்டுவந்த கதை இது. "குத்துள்ள வீட்டை ஆர் எடுப்பினம்? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பாவம் பாத்து எடுக்கிறாராம்" என்றார் பெரியப்பா. அந்தப் பாவம் பார்த்தவர் பெரியம்மாவின் தம்பி என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

சாமான் ஏற்றுகிற நாளில் அம்மா மதிலிலிருந்த பிள்ளையாரை எடுக்கப் போனார். பெரியப்பா கையை நீட்டி மறித்தார். "தொடாதையும்! குத்து முழுக்க இப்ப அதுக்குள்ளதான் இருக்கு. புது வீட்டுக்குக் கொண்டுபோனா அங்கையும் வரும்." அம்மா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். வான் புறப்பட்டபோது பக்கத்து வீட்டுக் கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையசைத்தார். என் நீளக் காலுறைக்குள் அந்த ஆணி இருந்தது. நடக்க நடக்கக் குத்தியது.

டூட்டிங்கில் ஒரு கடைக்கு மேல் இரண்டு அறை. அம்மா ஒரு லோண்ட்ரியில் மற்றவர்களின் படுக்கை விரிப்புகளை மடித்தார். பிறகு ஆசுப்பத்திரிகளில் தரை துடைத்தார். சாமித் தட்டில் பிள்ளையார் இருந்த இடத்தில் வேறு எதையும் வைக்க விடமாட்டார். வெறும் இடத்துக்கு முன்னால் விளக்குக் கொளுத்துவார். வருகிற சனம், "என்ன, பிள்ளையார் இல்லையோ?" என்று கேட்டால், "வெளியில போயிருக்கிறார்" என்பார்.

சில வருடங்களில் அம்மா சொன்ன ரயில் வந்தது. கிழவர் சொன்ன அதே வரிசையில், முதலில் ஆளில்லாத இடத்துக்கு ரயில், எல்லாரும் சிரித்தார்கள். சாரதி இல்லாமல் ஓடுகிற ரயில் என்று பள்ளிக்கூடத் தோழிகளோடு ஒரு சனிக்கிழமை வேடிக்கை பார்க்கப் போனேன். பாதை உயரத்தில் போகிறபடியால் எல்லாருடைய பின் முற்றமும் தெரியும். எங்கள் முற்றமும் தெரிந்தது. கயிற்றில் புதுத் துணிகள். மதிலில் எங்கள் பிள்ளையார், உடைந்த காதோடு, செவ்வந்தி மாலையோடு. அதன் முன்னால் கையைக் கூப்பிக்கொண்டு பெரியப்பா.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஓடிவந்தேன். அவர் வாசலில் நின்று, வாடகைக்குக் குடியிருக்கிற ஒருவரிடம் வாசற்கதவுத் திறப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் ஒருதரம் செத்து, பிறகு உயிர் வந்தது.

"நீயோ பிள்ளை? என்ன செய்யிறது, வாங்கினவர் விட்டிட்டு ஓடிட்டார். சும்மா கிடக்கிற வீடுதானே எண்டு நான் பாத்துக்கொள்ளுறன்."

"குத்து?"

"பிள்ளையார் இருக்கிறார்தானே" என்றார்.

எந்தப் பிள்ளையார் கேட்காது என்றாரோ, அதே பிள்ளையார். வீட்டுக்குப் போய் முழுவதையும் சொன்னேன். அப்பா என்ன சொன்னார் தெரியுமோ? கண் கலங்கிப்போய், "பாத்தியளே, எங்களுக்காக அண்ணை அந்தக் குத்தைத் தன்ர தலையில ஏத்தியிருக்கிறார்" என்றார். அப்பாவை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. சாகும்வரைக்கும் அவர் அப்படித்தான் நம்பினார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றார். அன்றிலிருந்து அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். டூட்டிங் கடைத்தெரு முழுக்க மரக்கறி தூக்கிக்கொண்டு நடக்கிற கால், வெம்பிளியில் பெரியப்பா வீடு என்றால் மட்டும் மடங்காது.

பிறகு இன்னொரு ரயில் வந்தது, பெரிய ஸ்டேஷன் வந்தது. எங்கள் தெருவின் ஒரு பக்கத்தை அதற்காக எடுத்து இடித்தார்கள். பெரியப்பாவுக்கு அந்த வீட்டுக்கு நல்ல நட்டஈடும் கிடைத்தது. பிள்ளையாரைக் கழற்றித் தன் வீட்டுச் சாமி அறையில் நடுவில் வைத்தார். "எங்கட குடும்பப் பிள்ளையார்" என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டினார். உங்களில் பலர் அதைக் கும்பிட்டிருக்கிறீர்கள்.

வீடு போனது போகட்டும். இந்த ஊரில் வீடு இழந்தவர்கள் நாங்கள் மட்டுமா? ஆனால் அந்த ஒரு வசனம்! என் அம்மா எண்பது வயது தாண்டியும் தை மாதம் வந்தால் சரியாகச் சாப்பிட மாட்டார். "அந்தாள் பொய்தான் சொன்னவர் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. ஆனா, ஒருவேளை..." என்பார். அந்த "ஒருவேளை"யை அவருக்குள் வைத்த வாய்தான் அதை எடுக்கவேண்டும் என்று நான் நினைத்தேன்.

அதனால்தான் பெரியப்பா ஆசுப்பத்திரியில் கிடந்தபோது கிழமைக்குக் கிழமை போனேன். ரசம் கொண்டுபோனேன். நல்ல பெறாமகள் என்று தாதிமார் சொன்னார்கள். ஒருநாள் மற்றவர்கள் கோப்பி குடிக்கப் போன நேரம் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டேன்.

"பெரியப்பா, அம்மாவுக்கு போன் எடுத்துத் தாறன். தண்டவாளம் பிள்ளையைத் தின்னேல்லை, நான் சும்மா சொன்னனான் எண்டு ஒரு வசனம் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம். பிள்ளையாரையும் குடுத்துவிடுங்கோ."

"பழசைக் கிளறாதை" என்றார்.

"கிளறேல்லை. கேக்கிறன்."

"எனக்கு அது ஞாபகம் இல்லை."

"எனக்கு ஞாபகம் இருக்கு. அப்ப உங்கட கல்வெட்டில நான் எழுதுறன். தம்பி என்னட்டைத்தான் கேப்பான். வேறை ஆர் இருக்கினம் தமிழ் எழுத?"

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு நான் போகிற ஒவ்வொரு முறையும் மகன் அறையை விட்டு வெளியே போகும்வரை பார்த்திருந்துவிட்டு, "எழுதிட்டியோ?" என்று கேட்பார்.

"இன்னும் இல்லைப் பெரியப்பா. நீங்கள் இருக்கிறியளே" என்பேன்.

மகனிடம் சொல்லி அவர் என்னை மறித்திருக்கலாம். ஏன் என்று அவன் கேட்டிருப்பான். அதற்கு ஒரு பதில் சொல்லவேண்டும். போன் என் கையில் தயாராக இருந்தது. கடைசிக் கிழமை வரைக்கும் நீட்டிக்கொண்டே இருந்தேன். அவர் வாங்கவில்லை. மரியாதை கெடாமல் போய்விடலாம் என்று நினைத்திருப்பார். போங்கள் பெரியப்பா, போய் வாருங்கள். உங்கள் ஆத்மா சாந்தியடைவதைப் பற்றி மற்றப் பக்கங்களில் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள்.

பெரியம்மா, காரில் போகிற நீங்களும் இதை வாசிப்பீர்கள். வீடு யாருடைய தம்பியின் பெயரில் வாங்கப்பட்டது என்று உங்கள் பிள்ளைகள் கேட்டால், இங்கிலீசிலேயே சொல்லுங்கள்.

இனி, ரயிலில் இருக்கிற நீங்கள். ஸ்டேஷனுக்கு ஏறுகிற அந்த நீளப் படிக்கட்டு இருக்கிறதே, அதன் கீழ்ப் படிகள் இருக்கிற இடம்தான் எங்கள் குசினி. சற்று முன்னர் எல்லாரும் என் அம்மாவின் அடுப்படியால் ஏறித்தான் வந்திருக்கிறீர்கள். அம்மாவின் தேத்தண்ணிக் கடை இருந்திருக்கவேண்டிய இடத்தில் இப்போது கோப்பிக் கடை; காலையில் அங்கே வரிசை தெருவரைக்கும் நிற்கிறது.

மண்டபத்தில் பெரியப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் குடும்பப் பிள்ளையாரை வைக்கப்போவதாகத் தம்பி சொன்னான். நல்ல யோசனை என்றேன். மேசையை அலங்கரிக்கிற வேலையை நானே பொறுப்பெடுத்தேன். நீங்கள் பாயசத்துக்கு வந்த நேரம் நான் அங்கே இருந்திருக்க மாட்டேன். படத்துக்குப் பக்கத்தில், பூக்களுக்கு நடுவே, பிள்ளையார் இருந்த தட்டில் ஒரு துருப்பிடித்த ஆணி இருக்கும். மேசையை ஒதுக்குகிறவர்கள் அதைக் கண்டு யாருடையது என்று கேட்டால், பெரியப்பாவுடையது என்று சொல்லுங்கள். குத்து அதிலேதான் இருந்தது.

கடைசித் திருத்தத்தோடு அச்சகத்துக்கு அனுப்பமுதல் இதை முழுக்க அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்த வசனம் வந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். திரும்ப வாசிக்கச் சொன்னார். திரும்ப வாசித்தேன்.

"இப்பிடியே அச்சில வருமோ?"

"ஓம் அம்மா."

"எல்லாரும் வாசிப்பினமோ?"

"தமிழ் தெரிஞ்ச எல்லாரும்."

அம்மா எழும்பிப் போய், சாமித் தட்டில் அந்த வெறும் இடத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"கிழவருக்கு நான் குடுத்தது வடை இல்லை, போண்டா. அதை மாத்து" என்றார். மாற்றவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நின்றபோது வாசல்வரைக்கும் வந்தார். அன்று அவருக்கு முழங்கால் வருத்தம் இருக்கவில்லை.

"அண்டைக்கு மண்டபத்தில இருந்து வெறுங்கையோட மட்டும் வந்திடாதை, பிள்ளை" என்றார்.